வலப்பக்கக் கதவு

பூரூல் ஒப்பாரியின் இரண்டாவது அடியை எடுத்து இழுத்துக்கொண்டிருந்தபோது வெளியே கார்க் கதவு தட்டென்று அறைந்தது. அதுவரை அந்தக் காருக்குள் தணிந்த குரலில் வானிலை வாசித்துக்கொண்டிருந்த ரேடியோக்காரன் பாதிப் பேச்சில் நின்றான். நாரின் பக்கத்துக் கணவாயில் நாளை காலை என்றவன், நாளை காலை என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

அவளுடைய குரலும் ஒரு கணம் இடறியது. பக்கத்திலிருந்த ஓரகத்தி சூரா முழங்கையால் இடித்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் முற்றத்தைத் தாண்டவில்லை, அவர்கள் உள்ளே வந்து உட்காரும்வரை அழுகை நிற்கக்கூடாது. பூரூல் வாசலுக்கு முதுகைக் காட்டி, சாவுக்கென்று முற்றத்தில் போட்ட கூடாரத்தின் கம்பளிச் சுவரைப் பார்த்தபடி, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். ஒரு கை தூரத்தில், தொங்கவிட்ட திரைக்குப் பின்னால், அவள் புருஷன் தூர்சுன் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து படுத்திருந்தான்.

வெளியே அவனுடைய அண்ணன் வழக்கப்படி கம்பை ஊன்றிக்கொண்டு, "என் தம்பியே, என் முதுகெலும்பே" என்று வந்தவர்களின் முகத்தைப் பார்த்து அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் வந்தவர்கள் கட்டிப்பிடித்து நகர்ந்த அடுத்த நிமிஷம் கம்பைக் கூடாரத்தில் சாய்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு கார்ப் பக்கம் போனது கேட்டது. அழுத தொண்டையோடே யாரையோ, "சின்ன ஸ்க்ரூ எங்கடா வச்சே?" என்று கேட்டார்.

அவர் பெயர் ஜாபார். மூத்தாரின் பெயரைத் தம்பி பெண்சாதி வாயால் சொல்வதில்லை. இருபத்தாறு வருஷமாக பூரூலுக்கு அவர் பெரியவர்தான்.

கார் சத்தாருடையது. நாரின் மலைப்பாதையில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன். வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு நின்றுபோகிறது, திரையில் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்று, கார் ஸ்டீரியோ பழுது பார்க்கிற தூர்சுனிடம் நேற்றுக் காலையில் கொண்டுவந்து விட்டான். பாட்டு இல்லாவிட்டால் மலையில் தூக்கம் வந்து தள்ளிவிடும் என்றான். சாயங்காலம் நாலு மணிக்கு வா, சத்தத்தோடு ஓட்டிக்கொண்டு போ என்று தூர்சுன் அவனுக்கு வாக்குக் கொடுத்தான். நாலு மணிக்கு சத்தார் வந்து பார்த்தபோது நாலு கதவின் உள் உறையும் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தது, டாஷ்போர்டு வாயைத் திறந்து கிடந்தது, தூர்சுன் முன் சீட்டில் தலையைச் சாய்த்து, கால் இரண்டும் வெளியே மண்ணில் ஊன்றியபடி இருந்தான். வேலை அலுப்பில் கண்ணயர்ந்திருக்கிறான் என்று நினைத்து சத்தார் ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை எழுப்பாமல் நின்றானாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் காலையிலிருந்து அழுகிறான்.

அந்த வண்டி அப்படியே கூடாரத்துக்கு எதிரே நின்றது. சத்தார் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டான். உறையெல்லாம் பின்சீட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன், இது ஒரு விஷயமா என்றான். பெரியவர்தான் கேட்கவில்லை. இரண்டு மணிக்குத் தொழுகை. அதற்கு முன்னால் கூட்டத்தின் நடுவே நின்று, இவன் யாருக்காவது எதுவும் பாக்கி வைத்துப் போயிருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்கவேண்டியவர் அவர்.

"குடல உருவிப் போட்ட மாதிரி ஒருத்தன் வண்டிய வாசல்ல வச்சுக்கிட்டு, நான் எந்த வாயால கேக்கறது?" என்றார். "சொன்ன சொல்லு செய்யாம என் தம்பி மண்ணுக்குள்ள போவானா?"

அது பூரூலுக்கும் பிடித்த பேச்சுதான். அவளும் அதையேதான் நினைத்தாள். ஆனால் அந்தச் சொல்லைக் காப்பாற்றப் புறப்பட்டவரைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெரியவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். ஒரு பல்பு மாற்றினால் வீடே இருட்டாகும்.

காலையில் அவர் சின்ன பேட்டரி ஒன்றை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் முனையிலும் தொட்டார். தம்பி செய்வதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. டொக். டொக். டொக். டொக். கம்பளிக்கு இந்தப் பக்கம் இருந்து பூரூல் நாலையும் எண்ணினாள். நாலும் ஒரே மாதிரி உருண்டையான சத்தம், கிழிசல் இல்லை, கரகரப்பு இல்லை. ஸ்பீக்கர் நாலும் நல்லது, இனி அதைத் தொடவேண்டியதில்லை என்று அவளுக்கு முடிவாகிவிட்டது. பெரியவருக்கு முடிவாகவில்லை. ஆளை அனுப்பிச் சந்தையிலிருந்து புது ஸ்பீக்கர் வாங்கி வரச்சொல்லி மாட்டினார். ரேடியோ பேசியது. முற்றத்தில் நாலைந்து பேர், சரியாயிடுச்சு, சரியாயிடுச்சு என்றார்கள். கதவைச் சாத்தினார். ஊமையானது. திறந்து, கடைக்காரனை மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, மறுபடி கழற்றினார். மறுபடி பேசியது. மறுபடி கதவு. மறுபடி ஒன்றுமில்லை.

ஒன்பது மணியிலிருந்து இது பதினொன்றாவது தடவை. துக்க வீட்டில் ரேடியோவா என்று ஒரு கிழவர் சத்தம்போட, பாட்டு வேண்டாம் என்று பேச்சு மட்டும் வரும் இடமாகப் பார்த்துத் திருகி வைத்திருந்தார்கள். எனவே நாலு மணி நேரமாக அவளுக்குக் கணவாயின் பனியும் உருளைக்கிழங்கு விலையும் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் கையில் ஒரு ஊசி இல்லாததுதான் குறை.

பின்னல் ஊசியோடு அவள் காருக்குள் உட்காருவாள். அதுதான் அவர்கள் வேலை செய்த விதம். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், அவள் உள்ளே இருந்து காலுறை பின்னுவாள், தூர்சுன் வெளியே சுற்றிவந்து கம்பிகளை அசைப்பான், கதவைக் குலுக்குவான், டயரை உதைப்பான். சத்தம் அறுந்தால் அவள் கண்ணாடியில் ஊசியால் தட்டுவாள். கதவின்மேல் கை வைத்திருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான். எந்த அசைவில் அறுந்ததோ அங்கே பழுது. சில நாள் பத்து நிமிஷத்தில் பிடித்துவிடுவார்கள். வண்டி கொண்டுவந்தவர்கள் சிரிப்பார்கள். சூரா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்: "புருஷன் எண்ணெயில பொரளறான், மகாராணி காருக்குள்ள உக்காந்து பாட்டு கேக்கறா."

தூர்சுனுக்குக் காது கேட்காது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இருபது வருஷம் அண்டா அண்டாவாக ஸ்பீக்கருக்குள் தலையை விட்டு விட்டு முதலில் இடது காது போனது, பிறகு வலதும் பஞ்சு அடைத்தது போலாகிவிட்டது. பிஷ்கெக்கில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. காது கேக்காதவன்கிட்ட எவன் ஸ்பீக்கர் கொண்டாருவான்?"

அவள் மூச்சு விடவில்லை. மகளிடம்கூட. விரல் நுனியை ஸ்பீக்கர் காகிதத்தின்மேல் வைத்து அதிர்வதைப் பார்த்துக்கொள்வான், கிட்டே நின்று பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொள்வான். மற்றதற்கெல்லாம் அவள் இருந்தாள். நேற்று ஒரு நாள் இல்லை. மகள் நாசிராவைப் பார்த்து வாரக்கணக்காகிவிட்டதென்று காலை ஒன்பது மணி பஸ்ஸில் பிஷ்கெக் போய்விட்டாள். அவன் தனியாகக் கதவுகளையெல்லாம் திறந்துபோட்டு, விரலை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறான். நாலும் அதிர்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகு எங்கே என்று பைத்தியம் பிடித்தவன் போல டாஷ்போர்டு வரை பிரித்திருக்கிறான். கதவு சாத்தியிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மறுபடி வெளியே தட்டென்றது. இந்தத் தடவை ரேடியோ நிற்கவில்லை. பூரூல் தலையை நிமிர்த்தினாள். பின்கதவு. மெல்லிய சத்தம், தகர டப்பா மூடியது போல. அடுத்து இடப்பக்கம், அதற்கும் நிற்கவில்லை. பிறகு கனமான அந்தச் சத்தம், ஓட்டுகிறவன் கதவு. நின்றுவிட்டது.

அவ்வளவுதான். அவளுக்குக் கண்ணால் பார்த்தது போலத் தெரிந்துவிட்டது. கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே கீல் பக்கத்தில் கம்பிகள் போகிற ரப்பர் குழாய் தன் ஓட்டையை விட்டுக் கழன்றிருக்கும். தகட்டின் விளிம்பில் உரசி உரசி ஏதோ ஒரு கம்பியின் தோல் போயிருக்கும். கதவு திறந்திருக்கும்போது கம்பி விலகி நிற்கும். சாத்தும்போது மடங்கி, வெறும் செம்பு தகரத்தைத் தொடும். தொட்டதும் ஸ்டீரியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். வேலை செய்கிறவன் எவனும் கதவைத் திறந்துதானே வேலை செய்வான். நூறு தடவை பார்த்தாலும் நூறு தடவையும் சரியாக இருக்கும்.

சேதி கேட்டுத் தன்னோடு பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த நாசிராவின் பக்கம் அவள் சாய்ந்தாள்.

"போய்ப் பெரியவர்கிட்ட சொல்லு. வலப்பக்கக் கதவு கீல்ல, ரப்பர் கொழாய இழுத்துப் பாக்கச் சொல்லு. ஸ்பீக்கரத் தொட வேணாம்னு சொல்லு."

நாசிரா அழுது வீங்கிய கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று புரியாமலே எழுந்துபோய், உடனே திரும்பிவந்தாள்.

"பெரியப்பா சொல்றாங்க, பொம்பளைங்க உள்ள இருந்து அழற வேலையப் பாருங்க, இத நாங்க பாத்துக்கறோம்னு."

"நீ சொன்னத முழுசாக் கேட்டாரா?"

"ரப்பர்னு சொன்னேன். எந்த ரப்பர்னு கேட்டாங்க. எனக்கு என்னம்மா தெரியும்?"

சூரா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். பிணத்தை வைத்துக்கொண்டு ரப்பர் கம்பி என்று பேசுகிற ஒரு பெண்சாதியைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள். பூரூல் வாசல் பக்கம் திரும்பினாள். எழுந்து வெளியே போனால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நாலே அடி. ஒட்டுகிற டேப் சுருள் ஒன்று, ஒரு விரல், இரண்டு நிமிஷம். ஆனால் தலைமயிரை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்த விதவை பிணம் எடுக்கும்முன் கூடாரத்தை விட்டு வெளியே வந்து ஒரு காருக்குள் தலையை விட்டாள் என்றால், அதை இந்தத் தொக்மோக் ஊர் அவள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். தூர்சுனைக் கவனிக்கவில்லை, கார்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது என்று முடிப்பார்கள்.

தட்டென்று கதவு. உருளைக்கிழங்கு ஒரு கிலோ என்றவன் நின்றான். பெரியவர் டயரை உதைத்தது கேட்டது. ஒரு மணி தாண்டிவிட்டது. முற்றத்துக் கொப்பரையிலிருந்து குதிரைக்கறி வெந்த வாசனை வந்தது. குளிப்பாட்டுகிறவர்கள் வெந்நீர் கேட்டார்கள்.

அப்போது தெருமுனையில் ஆட்கள் அழும் சத்தம் எழுந்தது. இஸ்ஸிக்-கூல் பக்கத்துச் சொந்தக்காரர்கள், இரண்டு வண்டி நிறைய. பெரியவர் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு ஓடிவந்து கம்பைப் பிடித்து நின்றார். ஆண்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். இனி விதவை பாடுவாள், அவள் பாடி முடிக்கும்வரை யாரும் நகரக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. வாழும்போது சொல்ல முடியாத எதையும் ஒப்பாரியில் சொல்லலாம். மாமியாரைத் திட்டலாம், கடவுளையும் கேட்கலாம். அதற்கு யாரும் கோபித்ததாக இந்த ஊரில் சரித்திரம் இல்லை.

பூரூல் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, கம்பளிச் சுவருக்கு முகத்தை நெருக்கமாக வைத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"சொன்ன சொல்லு தவறாத என் பருந்தே
நீ சொல்லிவச்ச சொல்லு மட்டும் வாசலிலே நிக்குதே
ஸ்பீக்கர மாத்தி என்ன, சந்தைக்குப் போயி என்ன
தெறந்த கதவுல பேசுது, மூடுன கதவுல ஊமையாவுது
வலப்பக்கக் கதவோரம், கீலுக்குப் பக்கத்துல
கழண்ட ரப்பரு கொழாயிக்குள்ள
தோலு உரிஞ்ச கம்பி ஒண்ணு தகரத்துல சாயுதே
பெரியவங்க கை அங்க போகலியே, என் பருந்தே"

சூராவின் அழுகை நின்றது. இஸ்ஸிக்-கூல் பெண்கள் வாசலில் கால் வைத்தபடியே நின்றார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பாட்டு அவள் சொன்னபடி நிற்கவில்லை, தானாக அடுத்த அடிக்குப் போனது.

"கேக்காத ஒன் காதுக்கு நான் காதா இருந்தேனே
கண்ணாடி தட்டித் தட்டி நான் சொல்லிக் கொடுத்தேனே
நேத்து ஒரு நாளு நான் போனேனே, போனேனே
சத்தம் நின்ன சேதிய ஒனக்கு யாரு சொன்னா"

பிறகுதான் அவள் அழுதாள். பாட்டு இல்லாமல், மூக்கொழுக, குழந்தை போல.

 வெளியே பெரியவரின் கம்பு தரையில் ஒருமுறை வழுக்கி, மறுபடி ஊன்றியது. வந்தவர்கள் உள்ளே வந்து அமர்ந்தார்கள். கொஞ்சம் கழித்து ரப்பரை இழுக்கும் சத்தம், பிறகு டேப்பைச் சுருளிலிருந்து பிய்க்கும் சத்தம். அது சத்தாராக இருக்கவேண்டும், பெரியவருக்கு டேப்பின் முனை கண்டுபிடிக்கவே அரைமணி ஆகும். கதவைச் சாத்தினார்கள். ரேடியோக்காரன் நிற்கவில்லை. பால் விலையைச் சொன்னான், இறைச்சி விலையைச் சொன்னான். கதவைத் திறந்து சாத்தினார்கள். வெங்காய விலையையும் சொன்னான். அப்புறம் யாரோ அணைத்தார்கள்.

உறைகளை மாட்டும் கிளிக் கிளிக் சத்தம் மட்டும் அதற்குப் பிறகு. வண்டியை வாசலை விட்டுத் தெருவுக்கு எடுத்தார்கள்.

இரண்டு மணிக்குத் தூர்சுனை வெளியே கொண்டுபோனார்கள். பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. கம்பளிக்கு அந்தப் பக்கம் வரிசை கூடி நின்றது கால் சத்தத்தில் தெரிந்தது. பெரியவர் தொண்டையைக் கனைத்தார். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய குரல், இப்போது முன்வரிசைக்கு மட்டுமே எட்டும்போல வந்தது.

"என் தம்பி யார்கிட்டயாவது ஏதாவது வாங்கியிருந்தா, யாருக்காவது எதையாவது செய்யறேன்னு சொல்லிட்டுச் செய்யாமப் போயிருந்தா, இப்பச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

 பிறகு சத்தாரின் குரல் வந்தது.

"எனக்கு ஒரு வேலை சொல்லியிருந்தாரு. செஞ்சு முடிச்சுட்டாரு. ஒண்ணும் பாக்கி இல்ல."

எப்படிப்பட்ட மனிதன் என்று முல்லா கேட்டார். நல்லவன், நல்லவன், நல்லவன் என்று எல்லாரும் சொன்னார்கள். பெரியவரின் குரல் அதில் தனியாகக் கேட்கவில்லை.

ஆண்கள் திரும்பிவந்து, கறி சாப்பிட்டு, ஓதி முடித்து, வெளியூர்க்காரர்கள் வண்டி ஏறியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சூரா கொப்பரை கழுவுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். பூரூல் கூடாரத்தில் தேநீர்ச் சமோவார் பக்கத்தில் தனியாக இருந்தாள். உடம்பெல்லாம் வலித்தது. நாலு மணி நேரம், பதின்மூன்று தடவை என்பது மனசை விட்டுப் போகவே இல்லை. பெரியவர் காலையிலேயே அவளைக் கேட்டிருந்தால் மகளோடு சேர்ந்து நிம்மதியாக ஒரு பாட்டம் அழுதிருக்கலாம். அவனை வைத்திருந்த பொழுதையெல்லாம் அந்தப் பாழாய்ப்போன கதவை எண்ணியே கழித்தாயிற்று. அதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

பெரியவர் உள்ளே வந்தார். அழைக்காமல் உட்கார்ந்தார். நகத்திலெல்லாம் கறுப்பு மை, ஆள்காட்டி விரலில் டேப் சுற்றியிருந்தது. தகட்டில் கிழித்துக்கொண்டிருப்பார். தம்பி பெண்சாதியின் முகத்தைப் பார்க்காமல், தொங்கிய திரை கழற்றப்பட்டிருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன நாளா?"

"ஏழெட்டு வருஷமா."

"ஒண்ணுமே கேக்காதா?"

"கிட்ட வந்து, மொகத்தப் பாத்துப் பேசினா கொஞ்சம் புரியும்."

அவர் தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி. ஏழெட்டு வருஷமாக அவர் அந்தப் பக்கத்தில் நின்றுதான் பேசினார். கம்பி முறுக்கிப் பயலே, படிச்சிருந்தா இந்தக் கேடு உண்டா, அப்பன் பேரைக் கெடுக்க வந்தவன், காதுல மெழுகா இருக்கு உனக்கு என்பார். தூர்சுன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வான். சொன்னால் சிரிக்கிறான், திமிரைப் பார் என்று அவருக்கு இன்னும் ஏறும்.

"நான் வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்துல்ல பேசுவேன்" என்றார்.

பூரூல் கரித்துண்டை நகர்த்தினாள்.

"நான் என்ன சொன்னேன்னு உன்கிட்ட கேப்பானா?"

"கேப்பாரு."

"தினமுமா?"

"நீங்க பேசின அன்னைக்கெல்லாம்."

அவர் அடுத்ததைக் கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டார். வெளியே சூரா யாரையோ கூப்பிட்டாள். கொப்பரை உருண்டது. கடைசியில் கேட்டுவிட்டார்.

"என்ன சொல்லுவ?"

"சாப்பிட்டியான்னு கேக்கறீங்கன்னு சொல்லுவேன்."

 பெரியவர் டேப் சுற்றிய விரலை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தன் முன்னால் இருந்த வெறும் கிண்ணத்தை அவள் பக்கமாகத் தள்ளினார்.

அவள் கிண்ணத்தை எடுத்துச் சமோவார்க் குழாயின் கீழே பிடித்தாள். விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். விருந்தாளி இருக்கவேண்டுமென்றால் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள், தீர்ந்ததும் மறுபடி வாங்கிக்கொள்ளட்டும் என்று. கிண்ணத்தின் அடி மறைகிற அளவுக்கு வந்ததும் குழாயை மூடி, பாலைச் சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.